முழு வால்யூமும் மூன்று குழிகளும்

காதுக்காரம்மாவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் அது வருகைப் பதிவேட்டைத் தாண்டி வெளியே வந்ததில்லை. குடிநீர் அலுவலகத்தில் வாசல் பெருக்குகிறவரிலிருந்து பெரிய அதிகாரி வரை எல்லோருக்கும் அவள் காதுக்காரம்மாதான். தெருவுக்கு அடியில் புதைந்து கிடக்கும் குழாயில் எங்கே ஓட்டை விழுந்திருக்கிறது என்று மேலே நின்றபடி காதால் கேட்டுச் சொல்வது அவள் உத்தியோகம். அவள் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்ட இடத்தைத் தோண்டினால் தண்ணீர் இருக்கும். இருபத்தேழு வருஷமாக இருந்தது.

அந்தக் காதைப் பற்றி உலவுகிற கதைகளில் பாதியை நம்பினால் போதும். மீதிப் பாதியும் உண்மைதான். ஆனால் ஒரேயடியாக விழுங்கினால் செரிக்காது. அவள் முதலில் அங்கே சேர்ந்தது புகார் மேசையில், தொலைபேசிக்கு முன்னால் உட்காருகிற வேலைக்கு. ஒருநாள் யாரோ ஒரு மனிதர் "எங்க வீட்ல தண்ணியே வரல" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தபோது, "கொஞ்சம் வாயை மூடுங்க சார்" என்றாளாம். அவர் திகைத்துப்போய் மூடினார். "உங்களுக்குப் பின்னாடி, இடது கைப் பக்கம், சுவத்துக்குள்ள குழாய் வெடிச்சிருக்கு. அதை ஒட்டி ஒரு நாய் படுத்துத் தூங்குது. முதல்ல அதை எழுப்புங்க" என்றாளாம். சுவரை உடைத்துப் பார்த்தார்கள். வெடித்திருந்தது. நாயின் முதுகும் நனைந்திருந்தது. மறுவாரமே அவளை மேசையிலிருந்து கிளப்பித் தெருவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அப்படிப்பட்ட காது இப்போது மூன்று நாளாக அவளைத் தெருவில் நிறுத்தி வைத்து மானத்தை வாங்கிக்கொண்டிருந்தது.

முந்தாநாள் அவள் குறி போட்ட இடத்தில் குழி தோண்டினார்கள். ஒற்றைச் செருப்பு ஒன்றும், துருப்பிடித்த கரண்டி ஒன்றும், ஒரு லாரி கொள்ளுகிற காய்ந்த மண்ணும் கிடைத்தன. நேற்று இரண்டாவது குழி. அதில் தண்ணீருக்குப் பதிலாக இணையக் கம்பி வந்தது. கடப்பாரை பட்டு அறுந்தும் போனது. மூன்று நாளாகத் தண்ணீர் இல்லாமல் பொறுமையாக இருந்த கீழ்ப்பாதித் தெரு, இணையமும் போன பிறகுதான் நிஜமாகவே வீட்டை விட்டு வெளியே வந்தது. மூன்றாவது மாடியிலிருந்து முழங்காலில் கட்டுப் போட்ட ஒரு பெண், இரண்டு வாளிகளோடு படியிறங்கி வந்து, காதுக்காரம்மாவைப் பார்த்து ஒன்றும் சொல்லாமல் நின்றுவிட்டுப் போனாள். திட்டியிருந்தால் தேவலை.

அந்த வட்டாரத்து இன்ஜினியர் ஒரு இளம்பெண். திட்டத் தெரியாதவள், அதனால் நேற்று சாயங்காலம் அவள் சொன்னது இன்னும் வலித்தது.

"அம்மா, நாளைக்குப் பன்னெண்டு மணிக்கு இந்தத் தெருவுக்கு வர்ற வால்வை மூடிடுவாங்க. மூடிட்டா குழாய்ல அழுத்தம் இருக்காது, சத்தமும் இருக்காது. அதுக்குள்ள குறி போட்டுடுங்க. இதுவும் காஞ்ச குழியா இருந்தா..."

"இருந்தா?"

"ஹெட்போனை ஒப்படைச்சிட்டு நீங்க புகார் மேசைக்குப் போயிடணுமாம். மேல இருந்து சொல்லிட்டாங்க. நான் எவ்ளோ பேசிப் பாத்துட்டேன்."

புகார் மேசையா! அங்கே நாள் முழுக்கப் போனில் கேட்க வேண்டும். கேட்டுக் கேட்டு எழுத வேண்டும். "என்ன சார்? என்ன சார்?" என்று நான்கு முறை கேட்டால் ஐந்தாவது முறை பக்கத்து மேசைக்காரி திரும்பிப் பார்ப்பாள். தெருவிலாவது வாகனச் சத்தத்தின்மேல் பழியைப் போட்டுக்கொள்ளலாம்.

அவளுக்குக் காதில் ஏதோ ஆகிவிட்டது என்பது இரண்டு வருஷமாக அவளுக்கு மட்டுமே தெரிந்த விஷயம். வருஷத்துக்கு ஒருமுறை அலுவலகத்தில் கேட்கும் திறனுக்குச் சோதனை வைப்பார்கள். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்டதும் கையைத் தூக்கச் சொல்வார்கள். வெளியே சத்தம் விடுகிற ஆள் பொத்தானை அமுக்கும்போதெல்லாம் அவருடைய தோள்பட்டை எறும்பு கடித்த மாதிரி ஒரு துளி மேலே ஏறும். போன வருஷம் காதுக்காரம்மா அந்தத் தோளைப் பார்த்துக் கையைத் தூக்கிவிட்டாள். "இருபது வயசுப் பொண்ணுக்குக்கூட இப்படிக் காது இருக்காது" என்று எழுதிக் கொடுத்தார். அந்தக் காகிதத்தை வாங்கிக்கொண்டு வந்து, கழிவறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வேலைக்குப் போனாள்.

காதில் இல்லாததை வால்யூமில் பிடித்துக்கொள்ளலாம் என்று அவளுக்குத் தோன்றியது ஒரு மாதத்துக்கு முன்னால்தான்.

அவர்களுடைய கருவி பார்க்க எளிமையானது. யானையின் பாதம் போல ஒரு கனத்த இரும்பு வட்டு. அதைத் தரையில் வைத்தால் தரைக்கடியில் உள்ள சத்தத்தைப் பிடிக்கும். எல்லோரும் அதை யானைக்கால் என்பார்கள். முன்பெல்லாம் அதிலிருந்து ஒரு கனத்த ஒயர் நேராகக் காதுக்கு வரும். போன வருஷம் நவீனம் வந்தது. யானைக்காலின் ஒயர் இப்போது ஒரு போனுக்குப் போகிறது. போனிலிருந்து ஒயரே இல்லாத ப்ளூடூத் ஹெட்போனுக்குச் சத்தம் வருகிறது. தெருவில் பார்ப்பவர்களுக்கு யாரோ ஒரு அம்மாள் பாட்டுக் கேட்டுக்கொண்டு நடைபயிற்சி போகிற மாதிரி இருக்கும்.

நவீனத்திலும் மாறாத விதி ஒன்று உண்டு. முதல் இடத்தில் யானைக்காலை வைக்கும்போது வால்யூமை எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு வைத்துக்கொள்ளலாம். அதன்பிறகு தெருக்கோடி வரை அதில் கை வைக்கக் கூடாது. இரண்டு அடிக்கு ஓர் இடம், மூச்சை அடக்கிக்கொண்டு கேட்பது, அடுத்த இடம். எங்கே அதிகமாகக் கேட்கிறதோ அதற்கடியில்தான் ஓட்டை. நடுவில் வால்யூமை ஏற்றினால் கடைசியாக நின்ற இடமே எப்போதும் பெரிய சத்தமாகக் கேட்கும். தராசில் ஒரு தட்டை விரலால் அமுக்கிக்கொண்டு எடை போடுகிற மாதிரிதான். இது அவளுக்குத் தெரியாததல்ல. ஆனால் கேட்கவில்லை என்றால் விரல் சும்மா இருக்குமா?

அதனால்தான் ஒரு மாதத்துக்கு முன்னால், சாயங்காலம் வீட்டுக்குப் போகிற வழியில், மாடிப்படிக்கு அடியில் போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் பெண்ணிடம் போய் நின்றாள்.

"இந்த ஹெட்போன்ல சத்தம் பத்த மாட்டேங்குது. கொஞ்சம் ஏத்திக் குடும்மா."

கடைக்காரி நெற்றியில் மாட்டியிருந்த பூதக்கண்ணாடியை மேலே தள்ளினாள். "யாருக்குக்கா? உங்களுக்கா?"

"சேச்சே! எங்க நாத்தனாருக்கு."

"ஐயோ பாவம். காது கேக்காதா?"

"கொஞ்சம் மந்தம்" என்றாள் காதுக்காரம்மா, கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

நாத்தனாரின் காதைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. காதுக்காரம்மாவின் கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். அவருடைய தங்கைதான் இந்த நாத்தனார். மேல் மாடியில் குடியிருந்தாள். கீழே சமையலறையில் கணவனும் மனைவியும் உதட்டை அசைத்துப் பேசிக்கொண்டால்கூட மாடியிலிருந்து பதில் வரும். ஒருமுறை வேன்காரர் தங்கையைப் பற்றி மனத்துக்குள் ஏதோ நினைத்தார் என்றும், அதற்கும் மேலிருந்து மறுப்பு வந்தது என்றும் சொல்வார். அவளுக்குத்தான் மந்தப் பட்டம்.

"என்ன கேப்பாங்க? பாட்டா, பேச்சா?" என்றாள் கடைக்காரி.

"சீரியல்."

"அப்போ பேச்சுதான். குடுங்க." கடைக்காரி வேலையில் இறங்கினாள். "இங்க பாருங்க. போனுக்குத் தனி வால்யூம், ஹெட்போனுக்குத் தனி வால்யூம். ஒரே வீட்ல இருந்துக்கிட்டுப் பேசிக்காத ரெண்டு பேர் மாதிரி. நீங்க ஒன்ன ஏத்திட்டு இன்னொன்ன விட்டுடறீங்க." இரண்டையும் ஏற்றினாள். ஹெட்போனின் வலையில் அடைந்திருந்த தூசியைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டிவிட்டாள். 'இவ்வளவு சத்தம் காதுக்கு ஆகாது' என்று போன் எச்சரித்ததை, வாசலில் நிற்கிற விற்பனையாளரை அனுப்புவது போல அனுப்பி வைத்தாள். இன்னும் உள்ளே உள்ளே போய் நான்கைந்து பொத்தான்களைத் தட்டினாள். "பேச்சுக்கு ஏத்த மாதிரி சுத்தமா வச்சிருக்கேன்க்கா. நாத்தனார் அசந்துடுவாங்க."

அதன்பிறகு ஒரு மாதம் வந்த வேலையெல்லாம் சாலையின்மேல் தானாகவே தண்ணீர் பொங்கி நின்றவை. அதைக் கண்டுபிடிக்கக் காது வேண்டாம். நனைந்த செருப்பு போதும். அசல் சோதனை இந்தத் தெருவில்தான் வந்தது.

முந்தாநாள் மேல் வால்வின் பக்கத்தில் யானைக்காலை வைத்தாள். ஒன்றுமில்லை. ஏற்றினாள். இரண்டடி தள்ளி வைத்தாள். ஒன்றுமில்லை. இன்னும் ஏற்றினாள். ஓடும் குழாய் எதுவானாலும் ஒரு மூச்சாவது விடும். இது பிணம் போலக் கிடந்தது. நாற்பது அடி போவதற்குள் போனில் முழு வால்யூம், ஹெட்போனில் முழு வால்யூம். எங்கோ ஓர் எறும்பு தொண்டையைக் கனைத்தால்கூட இடி இடிக்கிற அளவுக்கு வந்துவிட்டாள். அப்போது ஏதோ ஒன்று கொர்ரென்றது. அவசரமாகக் குறி போட்டாள். தன் விதியைத் தானே மீறியது போடும்போதே தெரியும். தெரிந்தும் போட்டாள். மறுநாளும் அதே கதை.

இன்று காலை ஒன்பதரை மணிக்குத் தெருவில் மறுபடி யானைக்காலை வைத்தாள். மறுபடி அதே பிண அமைதி. குழி தோண்டும் ஆட்களின் தலைவரான கடப்பாரை அண்ணன் எதிர்ச்சுவரில் சாய்ந்துகொண்டு பார்த்தார்.

"இன்னைக்கு என்னம்மா எடுக்கப் போறோம்? அந்தச் செருப்புக்கு ஜோடியா?"

ஆட்கள் சிரித்தார்கள். சிரிப்பதை அவள் பார்த்தாள்.

"அரை மணி நேரம். இதோ வந்துடறேன்" என்று ஹெட்போனைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, போனைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். ஐம்பத்து மூன்று வயதில் அவள் அப்படி ஓடி யாரும் பார்த்ததில்லை. இரண்டு தெரு தாண்டி மாடிப்படிக் கடை.

"இன்னும் ஏத்து" என்றாள், மூச்சு வாங்க. "எப்படியாவது இன்னும் கொஞ்சம் ஏத்து."

கடைக்காரி வாங்கிப் பார்த்தாள். "அக்கா, இதுக்கு மேல இல்ல. எல்லாமே முழுசா இருக்கு. இதுக்கு மேல ஏத்தணும்னா கோயில் ஸ்பீக்கரைத்தான் கட்டிவிடணும். உங்க நாத்தனாரை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க."

"இல்லம்மா. எப்படியாவது... உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன்."

கடைக்காரி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். ஒரு நாத்தனாரின் சீரியலுக்காக இப்படிக் கைகூப்புகிற அண்ணியை அவள் அதுவரை பார்த்ததில்லை. அந்த நேரம் பார்த்து வாசலில் நிழல் விழுந்தது. "அண்ணி! ஐடி கார்டை மேஜை மேலயே விட்டுட்டு வந்துட்டீங்க. தெருவுக்குப் போனா, இங்க ஓடி வந்தீங்கன்னு சொன்னாங்க..." என்றபடி நாத்தனார் நின்றாள்.

"இவங்கதானாக்கா உங்க நாத்தனார்?" என்ற கடைக்காரி, பரிவோடு எழுந்து, நாத்தனாரின் காதருகே வாயைக் கொண்டுபோய், தெருவே திரும்பும்படி கத்தினாள்: "அம்மா! சீரியல்! இப்போ! நல்லா! கேக்குதா?"

நாத்தனார் இரண்டடி பின்னால் துள்ளினாள். "ஏம்மா, உனக்கு என்ன பைத்தியமா? பக்கத்துலதானே நிக்கறேன்!"

"கேக்குதே!" என்றாள் கடைக்காரி, வியந்துபோய்.

"எனக்கு ஏன் கேக்காது? எவ சொன்னது எனக்குக் கேக்காதுன்னு?"

கடைக்காரி காதுக்காரம்மாவைப் பார்த்தாள். நாத்தனாரும் பார்த்தாள். காதுக்காரம்மாவுக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. இருபத்தேழு வருஷமாகக் கேட்ட பூமி, அவசரத்துக்கு வாயைத் திறக்கவில்லை.

"எனக்குத்தான்" என்றாள். "எனக்குத்தான் கேக்கல. சீரியல் இல்ல. தண்ணிக்கு. தரைக்கு அடியில குழாய் ஒழுகற சத்தம் கேக்கணும். இன்னைக்குப் பன்னெண்டு மணிக்குள்ள கேக்கலன்னா என் வேலை போச்சு."

கடைக்காரி மெதுவாகக் கேட்டாள்: "அக்கா, அந்தத் தண்ணிச் சத்தம் எப்படி இருக்கும்?"

"இஸ்ஸ்ஸ்னு. விடாம, ஒரே மாதிரி. ஏறாம இறங்காம வந்துக்கிட்டே இருக்கும்."

கடைக்காரியின் கை தானாக வாயைப் பொத்தியது. "ஐயையோ அக்கா! விடாம ஒரே மாதிரி வர்ற சத்தம் எதுவா இருந்தாலும் எடுத்துத் தூரப் போடுன்னு நான்தானே போன்ல போட்டு வச்சிருக்கேன்! பேன் ஓடற சத்தம், ஏசி இரைச்சல், எல்லாத்தையும் அழிச்சிட்டு மனுஷங்க பேசறதை மட்டும் விடும். நீங்க சீரியல்னு சொன்னீங்களே!"

காதுக்காரம்மாவுக்கு ஒரு கணம் எதுவும் புரியவில்லை. பிறகு எல்லாம் புரிந்தது. குழாய் பிணமாகக் கிடக்கவில்லை. மூன்று நாளாக அது அவள் காலடியில் இஸ்ஸென்று கத்திக்கொண்டேதான் இருந்தது. அவள் வால்யூமை ஏற்ற ஏற்ற, அவள் சொன்ன பொய் அந்தச் சத்தத்தை மட்டும் பொறுக்கிப் பொறுக்கி அழித்துக்கொண்டிருந்தது. சிரிப்பு வந்தது அவளுக்கு. "அப்போ என் காதுல ஒன்னும் இல்லையா? மிஷின்தானா?"

கடைக்காரி அந்தப் பொத்தான்களையெல்லாம் பழையபடி மாற்றினாள். "இருங்க, போன்லேயே ஒரு இஸ்ஸ் சத்தத்தை ஓட விட்டு, ரெண்டு பக்கமும் சரியா வருதான்னு பாத்துடலாம். முதல்ல இடது பக்கம் மட்டும் போடறேன்." இடது காதில் இஸ்ஸ் என்று வந்தது, கொஞ்சம் தேய்ந்த மாதிரி. ஆனால் வந்தது. காதுக்காரம்மா ஆசையாகத் தலையாட்டினாள்.

"இப்போ வலது."

காதுக்காரம்மா காத்திருந்தாள். கடையின் சுவரில் தொங்கிய போன் உறைகளை ஒவ்வொன்றாக எண்ணி முடித்தாள்.

"ம், போடும்மா."

"போட்டு ரொம்ப நேரமாச்சுக்கா" என்றாள் கடைக்காரி.

அந்த வார்த்தையை அவள் இடது காதால்தான் கேட்டாள். மிஷினையும் அவள்தான் கெடுத்தாள். காதும் நிஜமாகவே போயிருந்தது. இரண்டில் ஒன்றாவது பொய்யாக இருக்கக் கூடாதா என்று அவள் ஹெட்போனைக் கழற்றி, வலதையும் இடதையும் மாற்றிப் போட்டுப் பார்த்தாள். பிறகு கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். மணி பத்தேகால்.

நாத்தனார் என்ன சொல்லப் போகிறாள் என்று காதுக்காரம்மா தலை நிமிராமல் காத்திருந்தாள். முப்பது வருஷக் குடித்தனத்தில் இந்த மாதிரி ஒரு பிடி நாத்தனாரிடம் சிக்கியதே இல்லை.

"காது கேக்காதுன்னு சொல்லும்போது கூட 'பாவம்'னு ஒரு வார்த்தை சேத்தீங்களா அண்ணி?"

"கொஞ்சம் மந்தம்னுதான் சொன்னேன்."

"கொஞ்சமா! அந்த மட்டும் சந்தோஷம்." நாத்தனார் ஐடி கார்டை எடுத்து அண்ணியின் கழுத்தில் மாட்டினாள். "எழுந்திருங்க. உட்கார்ந்தா தண்ணி வருமா?"

தெருவுக்கு வந்ததும் காதுக்காரம்மா நேராக இன்ஜினியரிடம் போனாள். போகிற வேகத்தில் சொல்லாவிட்டால் சொல்லவே மாட்டாள் என்று அவளுக்குத் தெரியும்.

"மேடம், முதல் ரெண்டு குழியும் என் தப்பு. மிஷின்ல தண்ணிச் சத்தமே வராத மாதிரி நான் மாத்தி வச்சிருந்திருக்கேன். போதாததுக்கு வழி முழுக்க வால்யூமை ஏத்திக்கிட்டே போனேன். எனக்கு வலது காது இல்ல. இடதும் அரைகுறைதான். போன வருஷ டெஸ்ட்ல ஏமாத்திட்டேன்."

கடப்பாரை அண்ணன் சுவரிலிருந்து முதுகை எடுத்தார்.

"இதை நான் எழுதாம இருக்க முடியாதும்மா" என்றாள் இன்ஜினியர், கடைசியில்.

"எழுதுங்க. ஆனா பன்னெண்டு மணிக்கு அப்புறம் எழுதுங்க. இந்தக் குழியை நான் போட்டுட்டுப் போயிடறேன்."

"எப்படிம்மா போடுவீங்க? கேக்கலன்றீங்களே!"

"கேக்கறதுக்கு ஆள் கொண்டுவந்திருக்கேன்."

நாத்தனார் ஹெட்போனை ஏற்கெனவே மாட்டிக்கொண்டு நின்றாள், கொண்டைக்கு மேல், கிரீடம் மாதிரி. "வெளியாள் கையில கருவியைக் குடுக்கக் கூடாதுன்னு ரூல் இருக்கு" என்று ஆரம்பித்த இன்ஜினியர், மாடிப்படியில் வாளியோடு உட்கார்ந்துவிட்ட அந்த முழங்கால் கட்டுக்காரியைப் பார்த்தாள். பிறகு எதிர்ச்சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். "நான் எதையும் பாக்கல."

காதுக்காரம்மா மேல் வால்வின் பக்கத்தில் யானைக்காலை வைத்தாள். "இஸ்ஸுன்னு வருதா?"

"வருது. மூக்கடைச்சவன் மூச்சு விடற மாதிரி."

"சத்தம் போதுமா?"

"போதும்."

"அப்போ இனிமே அந்தப் பொத்தான்ல கை வைக்காதே. என்ன ஆனாலும் சரி. கையைப் பின்னாடி கட்டிக்கோ."

நாத்தனார் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தாள். காதுக்காரம்மா குனிந்து குனிந்து இரும்பை நகர்த்தினாள். இடுப்பு விண்டுபோனது. வண்டி வரும்போதெல்லாம் கடப்பாரை அண்ணனின் ஆட்கள் கையைக் காட்டி நிறுத்தினார்கள். சிரித்த வாய்களை எங்கேயோ வைத்துவிட்டு வந்திருந்தார்கள்.

"அதே மாதிரி." இரண்டடி. "அதே மாதிரி." இரண்டடி. "இங்க யாரோ பாத்திரம் உருட்டறாங்க."

"அதை விடு."

"புருஷன்கூட சண்டைன்னு நெனைக்கறேன். உருட்டற உருட்டுல தெரியுது."

"அடுத்தவங்க வீட்டுச் சண்டையை அப்புறம் கேக்கலாம், தண்ணியைச் சொல்லு!"

"கொஞ்சம் ஏறுது அண்ணி. இங்க இன்னும். ஐயோ, இங்க பயங்கரமா வருது!"

அவர்கள் முடிவெட்டும் கடையின் வாசலில் நின்றார்கள். மணி பதினொன்று அடித்து ஐந்து நிமிஷம். கடப்பாரை அண்ணன் கடப்பாரையைத் தூக்கிவிட்டார்.

"இருங்க" என்றாள் காதுக்காரம்மா. "எப்படி வருது? சத்தத்தை விடு. குரல் எப்படி இருக்கு?"

நாத்தனார் கண்ணை மூடிக்கொண்டாள். "கனமா. தொண்டை கட்டின மாதிரி."

காதுக்காரம்மா காலால் தரையைத் தேய்த்துப் பார்த்தாள். மண்ணுக்குள் பாதி புதைந்த ஒரு பழைய இரும்பு மூடி தட்டுப்பட்டது. இரும்பு எங்கிருந்தோ சத்தத்தை வாங்கிப் பெரிதாக்கிக் காட்டுகிறது. "நகரு. இன்னும் வா."

"அம்மா, இங்கதானே அதிகம்னு சொல்றாங்க!" என்றார் கடப்பாரை அண்ணன்.

"அண்ணே, கனமா வந்தா அது தூரத்துச் சத்தம். கிட்ட வந்தா மெல்லிசாயிடும், கூர்மையாயிடும்." சொல்லிவிட்டு யானைக்காலை நகர்த்தினாள். இரண்டடி, "கொறையுது." இரண்டடி, "கொறையுது அண்ணி." காதுக்காரம்மாவின் உள்ளங்கை வியர்த்து இரும்பு வழுக்கியது. தன் காதாக இருந்தால் இந்நேரம் பொத்தானை நாலு முறை அமுக்கியிருப்பாள். இன்னும் இரண்டடி, இன்னும் இரண்டடி.

"இங்க வேற மாதிரி இருக்கு" என்றாள் நாத்தனார். "பெருசு இல்ல. அங்க வந்த அளவுக்கு இல்ல. ஆனா ஊசி மாதிரி. காதுக்குள்ள குத்துது."

அடுத்த இடத்தில் ஊசி மழுங்கியது. திரும்பி வந்தார்கள்; மறுபடி குத்தியது. காதுக்காரம்மா சாக்பீஸை எடுத்தாள். சத்தம் அதிகமாகக் கேட்ட இடம் பத்தடிக்குப் பின்னால் இருந்தது. தப்பினால் இதுவே கடைசிப் பெருக்கல் குறி. போட்ட அவசரத்தில் அது பெருக்கல் மாதிரியே இல்லை. மிதிபட்ட சிலந்தி மாதிரி இருந்தது.

தோண்டினார்கள். ஓர் அடியில் தூசி. இரண்டடியில் தூசி. மூன்றடியில் கடப்பாரை அண்ணன் நிமிர்ந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார். இப்போது அவர் முகத்தில் கேலி இல்லை. அது இருந்தால்கூடத் தேவலையாக இருந்திருக்கும். "அம்மா... தூசிதான் வருது" என்றார்.

மணி பதினொன்று நாற்பது. காதுக்காரம்மா குழியின் விளிம்பில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். "இன்னும் ஒரே ஒரு அடி அண்ணே. ஒரே அடி. அப்புறம் நானே மூடிடறேன், என்னையும் உள்ள போட்டு."

அவர் மறுபடி இறங்கினார். அரை அடியில் மண்ணின் நிறம் மாறியது. அதற்குக் கீழே பக்கத்து வடிகால் ஒன்று இடிந்து வாயைப் பிளந்து கிடந்தது. நான்கு நாளாக ஒரு தெருவின் தண்ணீரை அது சத்தமில்லாமல் விழுங்கிக்கொண்டிருந்தது. கடப்பாரை ஒருமுறை இறங்கியது. கடப்பாரை அண்ணனின் முகத்தில் தண்ணீர் பளாரென்று அடித்தது.

தெரு முழுக்க வாய்கள் திறந்தன. அந்த முழங்கால் கட்டுக்காரி வாளியைத் தலைக்குமேல் தூக்கினாள். குழிக்குள் தண்ணீர் சீறுவதைக் காதுக்காரம்மா பார்த்தாள். அதன் வேகத்தைப் பார்த்து, அது எவ்வளவு சத்தமாக இருக்கும் என்று மனத்துக்குள் கணக்குப் போட்டுக்கொண்டாள்.

பன்னிரண்டு மணிக்கு வால்வை மூடினார்கள். பழுது பார்க்கிற ஆட்கள் இறங்கினார்கள். இன்ஜினியர் படிவத்தை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"என்னம்மா எழுதறது?"

"காலைல சொன்னதை எழுதுங்க. ரெண்டு குழி, டெஸ்ட், எல்லாம். மூணாவது குழிக்கு, குறி போட்டது நான்னு எழுதுங்க. அதை மட்டும் விட்டுடாதீங்க."

"கேட்டது யாருன்னு ஒரு கட்டம் இருக்கே?"

"அது உங்க பாடு. நீங்கதான் எதையும் பாக்கலயே."

இன்ஜினியர் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டாள். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டாள். "நாளைக்குக் காது டாக்டர்கிட்ட போங்க. அவர் எழுதிக் குடுக்கறதைப் பாத்துதான் மேல முடிவு பண்ணுவாங்க. என்னால உறுதியா ஒன்னும் சொல்ல முடியாதும்மா. அதுவரைக்கும் இது ஆபீஸ்ல இருக்கட்டும்" என்று கையை நீட்டினாள்.

காதுக்காரம்மா ஹெட்போனை மடித்து, போனையும் சேர்த்து, அவள் கையில் வைத்தாள். கழுத்து லேசாக இருந்தது, பிடிக்கவில்லை.

வீட்டுக்கு நடந்தார்கள், அண்ணியும் நாத்தனாரும். வெயில் உச்சியில் நின்றது. நாத்தனார் ஏதோ பேசிக்கொண்டே வருகிறாள் என்பது அவள் கை ஆட்டுவதில் தெரிந்தது. காதுக்காரம்மா வழக்கம்போலச் சரியான இடம் என்று தோன்றிய இடத்திலெல்லாம் "ம்" கொட்டினாள். கொஞ்ச தூரத்தில் நாத்தனார் பேச்சை நிறுத்தினாள். அண்ணியின் பின்னால் சுற்றிக்கொண்டு இடது பக்கம் வந்து சேர்ந்தாள்.

"என்ன சொன்னே?" என்றாள் காதுக்காரம்மா.

"இவ்ளோ நேரம் சொன்னதெல்லாம் வீணாப் போச்சு. இருங்க அண்ணி, முதல்ல இருந்து ஆரம்பிக்கறேன். மந்தம்னு சொன்னீங்க இல்ல..."